ஆண்டுதோறும் வரும் கால்பந்து வீடியோ கேமை ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று போதும்.

புதுப் பதிப்பில் நல்லது இல்லாமல் இல்லை. அணி மாறிய வீரர்கள், புதுச் சீருடைகள் எல்லாம் இருக்கும். எப்போதாவது பெரிய மாற்றமும் வரும்: இஏ நிறுவனத்தின் ஃபிஃபா 16-இல் பெண்கள் அணிகள் முதன்முறையாக வந்தன, ஃபிஃபா 17 ஃப்ராஸ்ட்பைட் எஞ்சினுக்கு (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மாறியது. ஆனால் பன்னிரண்டு மாதத்தில் ஒரு கேமை அடியோடு மாற்றி எழுத முடியாது. அதனால் பழைய கோளாறுகளும் கூடவே வருகின்றன. 2023-இல் பெயர் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று மாறியதே, அப்போதும் ஆட்டம் ஃபிஃபா 23-இன் தொடர்ச்சிதான்.

எனக்கு உறுத்துவது அல்டிமேட் டீம், அதாவது வீரர்களைச் சேர்த்து நமக்கென ஓர் அணி கட்டும் பகுதி. காசு கொடுத்து பேக் வாங்குகிறோம், உள்ளே எந்த வீரர் என்று தெரியாது. கிட்டத்தட்ட லாட்டரி. பெல்ஜியம் 2018-இல் இத்தகைய பேக்குகளைச் சூதாட்டம் என்று சொன்னது; அங்கே பேக் வாங்க உதவும் ஃபிஃபா பாயின்ட்ஸைக் காசுக்கு விற்பதை 2019 தொடக்கத்தில் இஏ நிறுத்தியது. அப்புறம், அடுத்த பதிப்புக்குப் போனால் அந்த அணியை மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும்!

ஆன்லைனில் நண்பர்களோடு ஆடுபவர் என்றால் சரி, அவர்கள் இருக்கும் பதிப்புக்குப் போகத்தான் வேண்டும். தனியாக ஆடும் கேரியர் மோட் மட்டும் போதும் என்பவர் சில மாதம் பொறுத்தால் தள்ளுபடியில் கிடைக்கும். செலவே வேண்டாம் என்றால் கோனாமி நிறுவனத்தின் இ-ஃபுட்பால் கேம் 2021 முதல் இலவசம்.