முதலில் கை, பிறகு ஸ்கேன்: முதுகு, மூட்டு வலி கேள்வி பதில்

எலும்பு, மூட்டு, தசை வலியோடு பொது மருத்துவரிடம் வருவோரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நோயாளிகளும் இளம் மருத்துவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, சிறுநகரம் ஒன்றில் 20 ஆண்டுகளுக்கு மேல் பொது மருத்துவம் பார்த்துவரும் மருத்துவர் அளித்த பதில்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது, கணினி வேலை. மூன்று வாரமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4-எல்5 இடத்தில், அதாவது கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே, ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் வரை போகும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள், டாக்டர்.

பதில்: அந்த அறிக்கையை ஒரு பக்கம் வைத்துவிட்டு உங்கள் காலைப் பார்க்க வேண்டும். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், 20 வயதினரிலேயே 30 விழுக்காட்டினருக்கும், 40 வயதினரில் பாதிப் பேருக்கும் ஜவ்வுப் பிதுக்கம் காணப்பட்டது. ஆகவே பிதுக்கம் என்ற சொல்லை மட்டும் வைத்து உங்கள் வலிக்குக் காரணம் சொல்லிவிட முடியாது. மல்லாந்து படுத்திருக்கையில், முழங்கால் மடங்காமல் காலை இன்னொருவர் மெல்லத் தூக்கும்போது, 30 முதல் 70 பாகைக்குள் முழங்காலுக்குக் கீழே சுரீரென்று வலி இறங்கினால் நரம்பு அழுந்துகிறது என்று கொள்ளலாம். பின்தொடை மட்டும் இழுத்தால் அது பெரும்பாலும் தசை இறுக்கம்தான். அடுத்து, கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, அதை என் விரலால் கீழே அழுத்திப் பார்ப்பேன். குதிகாலிலும் நுனிக்காலிலும் நாலடி நடக்கச் சொல்வேன். இவற்றில் பலம் குறையவில்லை என்றால் அறுவைப் பேச்சுக்கே இப்போது இடமில்லை. பெரும்பாலோருக்கு ஆறு வாரத்துக்குள் வலி வெகுவாகத் தணிந்துவிடுகிறது. அதுவரை படுத்தே கிடக்காமல், தாங்கும் அளவுக்கு நடமாடுவதுதான் வைத்தியம்.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிகிறேன், சார். ஒரு நாளில் வரும் பத்து முதுகுவலிக்காரர்களில் ஆபத்தானவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நேரமில்லாத நாளில்கூட விடக்கூடாத கேள்விகள் சில உண்டு. சிறுநீர் வழக்கம்போல் போகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, மலம் கழித்துக் கழுவும்போது தண்ணீர் படுவது தெரிகிறதா என்று கேளுங்கள். வெட்கப்பட்டு நாமும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. அந்த இடம் மரத்திருந்தால் தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நசுங்குகிறது என்று பொருள். அவரை அன்றைக்கே, மறுநாளுக்குத் தள்ளாமல், அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். முன்பு புற்றுநோய் வந்தவர், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்த முதியவர், கீழே விழுந்தவர் ஆகியோரையும் தனியாகக் கவனியுங்கள்.

நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை மறக்கவே கூடாது. நானே ஒருமுறை தவறவிட்டிருக்கிறேன். நடுமுதுகில் வலி என்று வந்த கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு, சுமை தூக்கிய வலிதானே என்று இரண்டு முறை மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் முறை சட்டையைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு முள்ளெலும்பாகக் கை முட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தபோது, ஓரிடத்தில் துள்ளிவிட்டார். இடுப்பு வேட்டி தளர்ந்துகொண்டே வந்ததையும் சாயங்காலம் உடம்பு கணகணப்பதையும் அதற்குப் பிறகுதான் சொன்னார். நான் அதுவரை கேட்கவில்லை. இந்நோயில் ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகவே தெரியலாம். எம்.ஆர்.ஐ. உண்மையில் தேவைப்படுவது இவரைப் போன்றவருக்குத்தான்.

கேள்வி: வயது 52, பத்து வருடமாகச் சர்க்கரை நோய். நான்கு மாதமாக இடது கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவும் முடியவில்லை. கழுத்தெலும்பு தேய்மானம் என்கிறார்கள்.

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அம்மா, சந்தேகம் கழுத்தைவிடத் தோள்மூட்டின் மேல்தான் விழுகிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகை மடக்கிக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். பிறகு வீட்டில் ஒருவரை மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். நீங்களாகத் திருப்பினாலும் பிறர் திருப்பினாலும் ஒரே இடத்தில் கதவு பூட்டியதுபோல் நின்றுவிட்டால், அது தோள்பட்டை இறுக்கம். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. பிறர் திருப்பும்போது கை முழுதும் போனால் தசைநாரில் கோளாறு இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. பெரும்பாலும் தானாகவே தளரும், ஆனால் ஒன்று முதல் மூன்று ஆண்டுவரை ஆகலாம். வலி கடுமையாக உள்ள ஆரம்ப மாதங்களில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி நன்கு உதவும். அது சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால், அந்த வாரம் வீட்டிலேயே அடிக்கடி சோதித்துக்கொள்ளுங்கள். வலி தாங்காத அளவுக்குக் கையைப் பிடித்து இழுக்கும் பயிற்சி வேண்டாம்.

கேள்வி: முழங்கால் தேய்ந்துவிட்டதாம். நடந்தால் இன்னும் தேயுமா? வயது 63.

பதில்: தேயாது, நடக்காமல் இருந்தால்தான் தொடைத்தசை இளைத்து மூட்டின் மேல் பாரம் கூடும். நாற்காலியில் அமர்ந்து, காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. உடல் எடையில் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தொடாதீர்கள். பூசும் மருந்திலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: கால் பெருவிரல் இரவோடு இரவாகச் சிவந்து வீங்கியது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் சரியாக இருப்பதால், அது மூட்டில் படிந்து வரும் கவுட் வாதம் இல்லை, வேறு நோய் என்று விட்டுவிடலாமா?

பதில்: விட முடியாது. வீக்கத்தின்போது யூரிக் ஆசிட் இறங்கிச் சரியான அளவு காட்டுவது உண்டு. வீக்கம் அடங்கி இரண்டு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். ஆனால் காய்ச்சலோடு ஒரே மூட்டு சூடாக வீங்கி, அசைக்கவே விடவில்லை என்றால், சீழ் வைத்திருக்கிறதா என்று மூட்டு நீரை எடுத்து அன்றே சோதிக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்குக் காலையில் கைவிரல்கள் ஒன்றரை மணி நேரம் மடங்குவதில்லை. முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்பதால் முடக்குவாதம் இல்லை என்றார்கள். சரியா?

பதில்: நெகட்டிவ் என்பதால் மட்டும் முடக்குவாதம் இல்லை என்று சொல்ல இயலாது, கணிசமானோருக்கு அந்தப் பரிசோதனை அப்படித்தான் வருகிறது. தேய்மானத்தில் காலை இறுக்கம் பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளை இருபுறமும் சேர்த்து, கைகுலுக்குவதுபோல் மெல்ல அழுத்துங்கள். அவர் கையை இழுத்துக்கொண்டால் மூட்டு வல்லுநரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள். அண்மையில் சிக்குன்குனியா வந்ததா என்பதையும் சொல்லுங்கள், அதுவும் மாதக்கணக்கில் இதே வேடம் போடும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதினால், அது வாரம் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டிய மாத்திரை. தினமும் போட்டுவிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். எந்தக் கிழமை என்று முடிவுசெய்து, அதை மாத்திரை அட்டையின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிக்கொடுங்கள்.