முதல் ஃபைலை எடுக்கும்போது – கடிதம்

வணக்கம் சார்,

ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் க்ளெய்ம் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். வணிகவியல் படித்தவன், காப்பீடு பற்றி எதுவும் தெரியாது. நண்பர்கள் "இல்லைன்னு சொல்றதுக்கு சம்பளம் வாங்குற வேலை" என்கிறார்கள். நீங்கள் அந்த வேலையில் பல வருடம் இருந்தவர். அது உண்மையா? நான் எதைப் படித்துக்கொண்டு போகலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்மையில்லை. பதினெட்டு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், என் கையில் வந்த ஃபைல்களில் பெரும்பாலானவை பணம் கொடுத்து மூடியவைதான். பணம் வந்தவர் அதை யாரிடமும் சொல்வதில்லை, வராதவர் எல்லோரிடமும் சொல்வார். உங்கள் நண்பர்கள் காதில் விழுந்தது அந்தக் கதைகள்.

படிக்க வேண்டியது பாலிசியை. விளம்பரத் தாளையோ சுருக்கத்தையோ இல்லை, முழுப் பாலிசியை. அதிலும் வரையறைகள் இருக்கும் பக்கத்தை முதலில் படியுங்கள், 'வெள்ளம்' என்றால் என்ன, 'திருட்டு' என்றால் என்ன என்று அங்கேதான் எழுதியிருக்கும், பாதி வழக்குகள் அந்த இரண்டு வரியில்தான் நிற்கும். அப்புறம் எதற்கெல்லாம் பாதுகாப்பு உண்டு, எதற்கெல்லாம் கிடையாது என்று சொல்லும் விலக்குகள் எவை, நிபந்தனைகள் எவை. கடைசியாக, பின்னால் ஒட்டியிருக்கும் எண்டார்ஸ்மென்ட் தாள்கள். முன்னால் அச்சிட்டதை அவை மாற்றிவிடும்.

இதை நான் தப்பு செய்து கற்றுக்கொண்டேன். முதல் வருடம், ஒரு துணிக் கிடங்கு, மேலே தண்ணீர்க் குழாய் உடைந்து சரக்கு பாழ். அச்சிட்ட பாலிசியில் குழாய் உடைப்பு இல்லை, அதனால் இல்லை என்று கடிதம் அனுப்பிவிட்டேன். சில நாளில் அவர் தன் பிரதியோடு வந்தார். சத்தம் போடவில்லை. கடைசித் தாளைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார், நகத்தோரம் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. கூடுதல் பிரீமியம் கட்டி அதைச் சேர்த்திருக்கிறார், நான் அந்தத் தாளைப் புரட்டவே இல்லை. பணம் போய்ச் சேர்ந்தது. ஆனால் இடையில் அவர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இழப்பு பாலிசிக்குள் வருகிறது என்று காட்ட வேண்டியது வாடிக்கையாளர், விலக்கு பொருந்துகிறது என்று காட்ட வேண்டியது நிறுவனம். புதிதாக வருபவர்கள் இரண்டையும் வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது பிராக்ஸிமேட் காஸ், அதாவது சேதத்துக்கு உண்மையில் வழிவகுத்த காரணம். தீயணைப்பு வீரர்கள் அடித்த தண்ணீரில் நனைந்து கெட்ட பொருளும் தீச்சேதத்தில்தான் சேரும். 1906 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம் வந்து, அதைத் தொடர்ந்து நகரம் பற்றி எரிந்தபோது, எது நடுக்கத்தால் விழுந்தது, எது தீயால் போனது என்று பெரிய தகராறு நடந்தது. லண்டனின் காப்பீட்டுச் சந்தையான லாய்ட்ஸைச் சேர்ந்த கத்பர்ட் ஹீத், பாலிசியின் நிபந்தனை எப்படி இருந்தாலும் எல்லோருக்கும் முழுத்தொகை கொடுத்துவிடுங்கள் என்று தன் ஏஜென்டுக்குத் தந்தி அடித்தார். உங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது, ஆனால் உங்கள் தொழிலில் அப்படி ஒருவர் இருந்தார் என்று தெரிந்திருக்கட்டும்.

கணக்கில், குறைக் காப்பீட்டைப் புரிந்துகொள்ளுங்கள். 100 மதிப்புள்ள சரக்கை 60க்கு மட்டும் காப்பீடு செய்து, 50 அழிந்தால், சராசரி விதி, அதாவது காப்பீடு செய்த விகிதத்தில்தான் இழப்பையும் கொடுப்போம் என்ற விதி, உள்ள பாலிசியில் கிடைப்பது 30தான். கேட்பவருக்கு ஏமாற்றுவது போலவே இருக்கும். தாளில் போட்டுக் காட்டினால் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் புரிந்துகொள்வார்.

இனி போன். மறுமுனையில் பேசுபவர் வீடு எரிந்தவர், அல்லது விபத்தில் அடிபட்டவரின் அண்ணன். தேதி, நேரம், பாலிசி எண் என்று உடனே ஆரம்பிக்காதீர்கள், அவர் சொல்லி முடிக்கட்டும். இரண்டாம் தடவை சொல்லும்போது கதை கொஞ்சம் மாறினால் பொய் என்று முடிவு கட்டாதீர்கள், அதிர்ச்சியில் இருப்பவர் அப்படித்தான் சொல்வார். மோசடியும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். சந்தேகம் வந்தால் எந்த ஆவணத்தால், எந்த முரண்பாட்டால் வந்தது என்று ஃபைலில் எழுதிவிட்டு விசாரியுங்கள், குரலில் காட்டாதீர்கள். பேசியதை அன்றைக்கே குறித்துவையுங்கள்.

சில நேரம் மறுக்கத்தான் வேண்டும். அப்போது எந்தப் பிரிவு, அது இவருக்கு ஏன் பொருந்துகிறது, வேறு என்ன ஆவணம் கொண்டுவந்தால் மறுபடி பார்ப்போம், மேல்முறையீடு எங்கே, எல்லாம் அந்த ஒரே கடிதத்தில் இருக்க வேண்டும். "விதிமுறைகளின்படி பரிசீலிக்க இயலாது" என்ற ஒற்றை வரிக் கடிதத்தில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

சேர்ந்த வாரமே இரண்டு கேளுங்கள். மூடிய பழைய ஃபைல்கள் பத்து, நிதானமாகப் படிக்க. அப்புறம் சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிடும் சர்வேயர் கிளம்பும்போது கூடப் போக அனுமதி. வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருக்கும், அதை டேப் வைத்து அளப்பார், பக்கத்தில் நின்று பாருங்கள். ஃபைலில் '3 அடி' என்று படிப்பதற்கும், அந்தக் கோட்டுக்குக் கீழே பீரோவின் இரண்டு தட்டு ஊறிப்போயிருப்பதைப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

முதல் மாதம் முடிந்ததும் எழுதுங்கள்.