அல்நார் நரம்பு மாற்று அறுவை: உங்கள் அண்ணனின் கை குறித்து

வணக்கம். தாராவித் தோல் பட்டறையில் 4 மாதங்களுக்கு முன் கண்ணாடி வெட்டி, முழங்கைக்கு மேலே அல்நார் நரம்பு (சுண்டுவிரல் பக்கமாக இறங்கி உள்ளங்கையின் சிறு தசைகளை இயக்கும் நரம்பு) அறுந்த உங்கள் அண்ணனுக்கு, நல்ல நரம்பு ஒன்றை வெட்டி இணைத்தால் இருக்கும் பலமும் போய்விடுமோ என்று அஞ்சி எழுதியிருக்கிறீர்கள். மாட்டுங்காவில் கைப்பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் அந்த அச்சத்தை நான் நன்கு அறிவேன்.

தைத்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், அவ்வளவு உயரத்திலிருந்து உள்ளங்கையின் சிறு தசைகளை எட்ட ஓராண்டுக்கு மேலாகலாம். 12 முதல் 18 மாதங்களுக்குள் நரம்பு வந்து சேராவிட்டால் அத்தசைகள் மீட்க முடியாதபடி மெலிந்துவிடும். ஆகவே முன்கையின் நடுவே செல்லும் மீடியன் நரம்பின் கிளையொன்றை, மணிக்கட்டுக்கு மேலே, கையைக் கவிழ்க்க உதவும் பிரோனேட்டர் குவாட்ரேட்டஸ் தசையை அடையும் இடத்தில் வெட்டி, அல்நாரின் இயக்க இழைகளோடு (தசைகளை அசைக்கும் இழைகளோடு) இணைக்கிறார்கள். கையைக் கவிழ்க்க முழங்கையருகே வேறொரு வலுவான தசை இருப்பதால் இழப்பு சிறிதே.

சிலருக்கு முன்கையிலேயே மீடியனிலிருந்து அல்நாருக்கு இழைகள் கடந்து செல்வதுண்டு. அப்படியிருந்தால் அறுவைத் திட்டமே மாறலாம் என்பதால், நரம்புப் பரிசோதனையில் அதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இந்த இணைப்பு சுண்டுவிரலின் உணர்வைத் திருப்பித் தராது என்பதையும் அண்ணனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தயவுசெய்து முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.