காயத்தில் கிடக்கும் ஸ்ட்ரைக்கரும் பெட்டிக்குள் கிடக்கும் படமும்

கேள்வி: கால்பந்தில் கோல் அடிக்க வேண்டிய முன்வரிசை ஆள் ஸ்ட்ரைக்கர். அடிக்கடி காயம்பட்டு வெளியே உட்காரும் ஸ்ட்ரைக்கரை ரசிகர்கள் ஒரு மாதம் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், அடுத்த மாதம் கழுவி ஊற்றுகிறார்கள். பெரிய படங்கள் வந்தாலும் இதே கதைதான். ஏன் இப்படி? இங்கிலாந்தின் லிவர்பூல் அணி தன் ஸ்ட்ரைக்கர் ஸ்டரிட்ஜை அத்தனை வருடம் வைத்திருந்தது சரியா?

பதில்:

ஆடாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒரு ஸ்ட்ரைக்கருக்கு மவுசு ஏறும். வெளிவராத படத்துக்கும் அப்படியே. வந்து நிற்கிற நாளில்தான் வம்பு ஆரம்பிக்கும். என் பதில் இவ்வளவுதான், ஆனால் நான் 2013-14 சீசனில் லிவர்பூல் பக்கம் சேர்ந்த சேலத்துக்காரன். அந்த சீசனில் சேர்ந்தவனுக்கு ஸ்டரிட்ஜைப் பற்றிப் பேச வாய் வலிக்காது. அதனால் கொஞ்சம் நீளும்.

அந்த சீசன் லீக்கில் சுவாரெஸ் 31 கோல், ஸ்டரிட்ஜ் 21. அணி மொத்தம் 101 கோல் அடித்தும் 84 புள்ளிகளோடு இரண்டாம் இடம்தான். மான்செஸ்டர் சிட்டி 86 எடுத்துக் கோப்பையைக் கொண்டுபோய்விட்டது. (எங்கள் கேப்டன் ஜெரார்ட் வழுக்கி விழுந்ததைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இன்னும் எரிகிறது.) கோடையில் சுவாரெஸ் பார்சிலோனாவுக்குப் போனார். சரி, அதுதான் ஸ்டரிட்ஜ் இருக்கிறாரே என்று தெம்பாக இருந்தோம். செப்டம்பரில் இங்கிலாந்து அணியின் பயிற்சியில் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. குணமாகி வரும் நேரத்தில் மறுபடி மறுபடி எங்கேயாவது இழுத்துக்கொண்டது. திரும்ப மைதானத்தில் இறங்கியது 2015 ஜனவரி 31, வெஸ்ட் ஹாமுக்கு எதிராக. மாற்று ஆட்டக்காரராக வந்து ஒரு கோலும் போட்டார்.

நடுவில் கிடந்த அந்த மாதங்களைத்தான் கவனிக்க வேண்டும். சனிக்கிழமை இரவு ஆட்டம் முடிந்து அஸ்தம்பட்டிப் பக்கம் தட்டுவடை செட் சாப்பிடக் கூடுவோம். கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவன், பேங்கில் இருக்கும் ஒருவன், நான், இன்னும் சிலர். சுவாரெஸ் போன கோடையில் வாங்கிய பலோட்டெல்லி அந்த சீசன் முழுக்க லீக்கில் அடித்தது ஒரே கோல், லாம்பர்ட் இரண்டு. பலோட்டெல்லி வெளியே அடித்த ஒவ்வொரு பந்தையும், "இதே இடத்துல ஸ்டரிட்ஜ் இருந்திருந்தா, மச்சி" என்று பட்டறைக்காரன் வலைக்குள் தள்ளிவிடுவான். அந்த ஐந்து மாதத்தில் எங்கள் வாயாலேயே ஸ்டரிட்ஜ் இருபது கோலாவது போட்டிருப்பார். ஆள் நிஜமாகவே வந்து மூன்று ஆட்டம் வெறுங்கையோடு திரும்பியிருந்தால் அதே வாய், "கால்ல உசுரே இல்ல, இவனுக்குப் போய் இவ்வளவு சம்பளமா?" என்று கேட்டிருக்கும். பிறகு கேட்கவும் செய்தது. அந்த லீக் சீசனில் அவர் ஆடியது 12 ஆட்டம், அடித்தது 4 கோல். மே மாதம் இடுப்பில் அறுவை சிகிச்சை.

இப்போது சினிமாவுக்கு வாருங்கள். 1997ல் எலிசபெத் ராணியை அழைத்துத் தொடங்கிவைத்த மருதநாயகம் இன்றுவரை முடியவில்லை. அதைக் குறை சொன்ன ஒரு ஆளை எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம். பார்க்காத படத்தில் எந்தக் காட்சி இழுக்கும், எந்தப் பாட்டு தேவையில்லாமல் வரும்? துருவ நட்சத்திரத்துக்கு 2023 நவம்பர் 24 என்று தேதி குறித்து அதுவும் தள்ளிப்போனபோது, எங்கள் கூட்டத்தில் அந்தப் படத்தின் மதிப்பு இன்னும் ஒரு படி ஏறியது. ட்ரெய்லரில் இரண்டு நிமிடம்தான் பார்த்திருக்கிறோம். மிச்சம் இரண்டரை மணி நேரத்தை அவனவன் சொந்தமாக எடுத்து முடித்துவிட்டான்.

வந்த படத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1996ல் வந்த இந்தியனின் இரண்டாம் பாகம் 2024 ஜூலையில் வந்தது. நடுவில் இருபத்தெட்டு வருடம், அதில் சில வருடம் படப்பிடிப்பே நின்றுபோய்க் கிடந்தது. வெளியான சில நாளில் நீளம் அதிகம் என்று 12 நிமிடத்தை வெட்ட வேண்டியதாயிற்று. கதைக்கு என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள், அது தனிப் பதில். ஆனால் திட்டியவர்களில் பாதிப் பேர் திட்டியது திரையில் ஓடிய படத்தையா, அல்லது தங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த படம் திரையில் ஓடவில்லை என்பதையா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

காத்திருப்புதான் படத்தைக் கெடுக்கிறது என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. மதகஜராஜா இருக்கிறதே! 2013 பொங்கலுக்கு வர வேண்டிய படம் 2025 பொங்கலுக்கு வந்தது. பன்னிரண்டு வருடம் பெட்டிக்குள் கிடந்ததில் யாருக்கும் அதன் நினைப்பே இல்லை. எதிர்பார்ப்பு பூஜ்யம். தியேட்டரே சிரித்தது, அந்தப் பொங்கலுக்கு நன்றாகவும் ஓடியது. அதே படம் 2013லேயே வந்திருந்தால் "காமெடி ஓகே, கதை எங்கப்பா?" என்று கேட்டுவிட்டு நாம் போயிருப்போம் என்றுதான் நினைக்கிறேன்.

இதே மாதிரி ஒரு ஸ்ட்ரைக்கர் உண்டா என்றால், உண்டு. பிரேசிலின் ரொனால்டோ. இன்டர் மிலனுக்கு ஆடும்போது 1999 நவம்பரில் முழங்கால் தசைநார் போனது. 2000 ஏப்ரலில் லாட்சியோவுக்கு எதிரான கோப்பை இறுதிப் போட்டியில் திரும்பி வந்தார். இறங்கிய சில நிமிடத்தில், யாரும் தொடாமலேயே, அதே முழங்கால் மடங்கியது. அந்தக் காட்சியை என்னால் இன்றும் முழுதாகப் பார்க்க முடியாது. 2002 உலகக் கோப்பைக்கு முன்னால் பிரேசில் ரசிகர்கள் ரொமாரியோவை எடு என்றுதான் கத்திக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் ஸ்கொலாரி கேட்கவில்லை. ரொனால்டோ அந்த உலகக் கோப்பையில் எட்டு கோல் அடித்தார், ஜெர்மனியுடனான இறுதிப் போட்டியின் இரண்டு கோலும் அவருடையவை. அண்மையில் டெம்பெலே. 2017ல் பார்சிலோனாவுக்குப் பெரும் தொகைக்கு வந்த அடுத்த மாதமே தொடைத் தசை கிழிந்தது. அதன் பிறகு பல வருடம் அவர் பெயரே ஒரு கேலிப் பொருளாக இருந்தது. பாரிஸ் அணிக்குப் போனதும் பாதிப் பேர் அவரை மறந்தார்கள். 2025ல் சாம்பியன்ஸ் லீக்கும், சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் விருதும் அவர் கையில்.

ரசிகனின் கருத்து அவன் போட்டுவைத்த கணக்கிலிருந்து வருகிறது, ஆட்டம் அதற்குப் பிறகுதான். பெரிய படத்தின் முதல் நாளில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 2023ல் லியோவுக்கு நம் மாநிலத்தில் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. கேரளாவில் விடியற்காலை நாலு மணிக்கே திரையிட்டுவிட்டார்கள். சேலத்தில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும்போதே "ஃபர்ஸ்ட் ஹாஃப் தீ, ஃபிளாஷ்பேக் சொதப்பல்" என்று போனில் தீர்ப்பு வந்துவிட்டது. உள்ளே போனவன் ஃபிளாஷ்பேக் வந்ததும் சொதப்பலைத் தேட ஆரம்பித்துவிட்டான். வெளியே மைக்கை நீட்டுபவரிடம் அதையே தன் சொந்தக் கருத்தாகச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். ஸ்டரிட்ஜைப் பற்றி எங்கள் ஆட்கள் பேசுவதும் இதே அளவுகோல்தான்: 2013-14 தீ, அப்புறம் ஒரே லேக்.

(ஒரு இடைச்செருகல். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. நூற்றுக்கும் மேல் படம் எடுத்த ஸ்டுடியோ. 1956ல் அலிபாபாவும் 40 திருடர்களும் படத்தை வண்ணத்தில் எடுத்ததும் அங்கேதான். அதன் முதலாளி டி.ஆர்.சுந்தரம் கண்டிப்புக்குப் பேர்போனவர், நேரத்துக்கு வராதவர்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டமாட்டார் என்பார்கள். அவர் கால்பந்து அணி நடத்தியிருந்தால் ஸ்டரிட்ஜின் பாடு கஷ்டம்தான்.)

சரி, படத்துக்கும் ஆளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பெட்டிக்குள் கிடக்கும் படத்துக்கு வலிக்காது.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். ஒரு காலத்தில் மலை மேல் நடக்கும் போட்டிகளில் முன்வரிசையில் ஆடியவர். நாங்கள் ஸ்டரிட்ஜைக் கலாய்க்கும்போது அவர் சேர்ந்து சிரித்ததில்லை. "வேகமா ஓடிட்டிருப்ப தம்பி. கால் முன்னால போயி தரையத் தொடப்போற நேரத்துல, பின்னாலருந்து எவனோ கல்ல விட்டு அடிச்ச மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தா எவனும் இருக்கமாட்டான்" என்பார். ஆறு வாரம் ஓய்வெடு என்றார்களாம். போட்டி இருக்கிறதே என்று அதற்குள் இறங்கினார். அதே காலில், அதே இடத்தில் மறுபடி. அடுத்த முறை ஓய்வு முடிந்து இறங்கியபோது கால் தயாராக இருந்தது, மனசு விடவில்லை. முழு வேகம் எடுக்கப் போகும்போதெல்லாம் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்களாம்.

அவர் சொன்னதற்கு மருத்துவத்திலும் ஆதாரம் இருக்கிறது. வேகமாக ஓடும்போது, கால் தரையில் படுவதற்குச் சற்று முன்னால், தொடையின் பின்தசை நீண்டுகொண்டே காலைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் கிழிவது அந்த நொடியில்தான். ஒருமுறை கிழிந்த இடத்தில் தழும்புத் திசு வருகிறது, பழைய நெகிழ்வு இருப்பதில்லை. மறுபடி காயம்படுவானா என்று கணிக்க மருத்துவர்கள் முதலில் பார்ப்பதே ஏற்கெனவே காயம்பட்டிருக்கிறானா என்பதைத்தான். ஐரோப்பாவின் பெரிய கிளப்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 2001-02ல் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த பின்தொடைக் காயம் 2021-22ல் 24 சதவீதம் ஆகிவிட்டது. ஆட்டத்தின் வேகமும் ஆட்டங்களின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகின்றன. ஸ்டரிட்ஜின் பலமே அந்த முதல் பத்து அடி வேகம். அவரிடம் கிழிந்ததும் அதற்கான தசைதான்.

2015ல் க்ளாப் லிவர்பூல் பயிற்சியாளராக வந்த புதிதில், எது நிஜமான வலி, எது வெறும் வலி என்று ஸ்டரிட்ஜ் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிப் பேசினார். பயிற்சியாளர் சொன்னதில் அர்த்தம் இருக்கலாம். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு "நடிக்கிறான்டா" என்று ஆரம்பித்த ரசிகர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. வலியோடு ஆடியே ஆகணும் என்பவர்களிடம் நெதர்லாந்து ஸ்ட்ரைக்கர் வான் பாஸ்டன் பெயரைச் சொல்வேன். கணுக்காலில் அறுவைக்கு மேல் அறுவை. கடைசி ஆட்டம் 1993 சாம்பியன்ஸ் லீக் இறுதி, அப்போது வயது 28. அதன் பிறகு ஒரு ஆட்டம்கூட இல்லாமல் 1995ல் ஓய்வு.

நம் ஊர்ப் பையன் என்றால் இதே ஆட்கள் எப்படி மாறுகிறார்கள் பாருங்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போய் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடித் திரும்பினார். அடுத்த சில மாதத்தில் முழங்கால் அறுவை சிகிச்சை. பிறகும் காயங்கள் விடவில்லை. எங்கள் தட்டுவடைக் கூட்டத்தில் ஒருத்தனாவது அவரைத் தொட்டால் உடையும் கண்ணாடி என்று சொல்லியிருக்கிறானா? "பாவம்டா, நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்பார்கள். அவர் எந்த மண்ணிலிருந்து ஓடி வந்தார் என்று தெரியும், அதனால் முழங்கால் முழங்காலாகத் தெரிகிறது. பர்மிங்ஹாமில் பிறந்தவனின் தொடை மட்டும் சம்பளக் கணக்காகத் தெரிகிறது.

ஸ்டரிட்ஜை வைத்திருந்தது சரியா என்று கேட்டீர்கள். 2013 ஜனவரியிலிருந்து 2019 வரை 160 ஆட்டம், 67 கோல். அந்த அணிக்கு இது நல்ல கணக்குதான். நிர்வாகம் கோட்டை விட்டது 2014 கோடையில். சுவாரெஸ் போன பிறகு மொத்தப் பாரத்தையும் ஏற்கெனவே காயக் கணக்கு உள்ள ஒருவர் மேல் ஏற்றினார்கள். அவர் விழுந்தால் யார் என்பதற்கு நம்பும்படியான பதில் கையில் இல்லை. சீசன் முடிவில் ஆறாம் இடம். 2016 யூரோப்பா லீக் இறுதியில் செவியாவுக்கு எதிராக இடதுகாலின் வெளிப்பக்கத்தால் அவர் வளைத்த கோல் வரைக்கும் வைத்திருந்தது சரி என்பேன். அந்தக் கோடையில் மானே வந்தார், அடுத்த வருடம் சாலா. நடுவில் ஃபிர்மினோ ஓடி ஓடிப் பந்தைப் பறிக்கும் ஆட்டம். அதில் ஸ்டரிட்ஜுக்கு இடமில்லை, அவர் உடம்பும் அதற்குத் தாங்காது. நல்ல விலை வந்திருந்தால் 2016லேயே நான் விற்றிருப்பேன். பட்டறைக்காரன் இதை ஒத்துக்கொள்ளமாட்டான். 2018 செப்டம்பரில் செல்சி மைதானத்தில், மாற்று ஆட்டக்காரராக இறங்கி 89வது நிமிடத்தில் தூரத்திலிருந்து வளைத்து ஆட்டத்தைச் சமன் செய்த கோலைப் போனில் எடுத்துக் காட்டுவான். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.