முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு நாடகம்

கேள்வி: வேளச்சேரியில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். ஆண்டு விழாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரையும் வைத்து 20 நிமிட இசை நாடகம் போடச் சொல்கிறார்கள். கையில் கிடைக்கிற நாடகங்களில் ஏழெட்டு வேஷம்தான் இருக்கிறது. நானே எழுதலாமா? சினிமாப் பாட்டு சேர்த்தால் சிக்கல் வருமா?

பதில்: தாராளமாக எழுதுங்கள். ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டாம். முதல் வாரம் பேப்பரே எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்குப் பழகிய ஓர் இடத்தைச் சொல்லி, அங்கே நடப்பதை நடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு பள்ளியில் நான் 'தண்ணி லாரி வருது' என்று மட்டும் சொன்னேன். அரை மணி நேரத்தில் வகுப்புக்குள் தெருவே வந்துவிட்டது. ஒரு சிறுமி வரிசையில் குடத்தை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடினாள். திரும்பி வந்தால் குடம் நாலு இடம் பின்னால் இருக்கிறது. "என் குடத்துக்குக் கால் முளைச்சுதா?" என்று கேட்டாள். அந்த வரியே பாட்டின் பல்லவியாயிற்று. பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தட்டினால் தாளம், வரிசையாக வைத்தால் தெரு. செட்டுக்குத் தனிச் செலவே இல்லை.

38 பாத்திரம் தேவையில்லை. ஆறேழு பேர் போதும், மற்றவர்கள் தெருமக்கள். ஆனால் மரமாகவும் மேகமாகவும் நிற்க வைத்துவிடாதீர்கள். முன்வரிசைக்காரர்கள், பின்வரிசைக்காரர்கள், மாடிவீட்டார் என்று மூன்று கட்சியாகப் பிரித்து வாதாட விடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகச் சொல்ல ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்று வருகைப் பதிவேட்டை வைத்துச் சரிபாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. தெருக்கூத்தில் வருவது போல, கதையை இடையிடையே சொல்லி நடத்துகிற ஒரு கட்டியக்காரன் இருந்தால் காட்சிகளைக் கோத்துவிடலாம். யாராவது வசனம் மறந்தாலும் சமாளிப்பான். அந்த வேஷத்தை நன்றாக ஒப்பிக்கிற பிள்ளைக்கு அல்ல, சட்டென்று பதில் சொல்கிற பிள்ளைக்குக் கொடுங்கள்.

பாட்டு மூன்று போதும். மெட்டு ஒரு ஸ்தாயிக்குள், அதாவது கீழ் 'ச'விலிருந்து மேல் 'ச' வரைக்குள், அடங்கட்டும். இந்த வயதில்தான் பையன்கள் சிலருக்கு மகரக்கட்டு உடைந்து, குரல் கரகரத்து மாறத் தொடங்கும். 1918இல் மதுரையில் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பால சபை போன்ற, சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் பயந்தது இதற்குத்தான். குரல் போனால் வேஷமும் போய்விடும். உங்கள் பையன்களுக்கு அந்த நிலை வேண்டாம். தாளமும் பேச்சு வசனமும் அவர்களிடம் இருக்கட்டும்.

குரலை முன்பே பதிவு செய்து வாயசைக்க வைக்காதீர்கள். மேடை முன்விளிம்பில் இரண்டு மூன்று மைக் வைத்து, பேசுகிறவர் முன்னால் வரும்படி நடமாட்டத்தை அமையுங்கள். அப்பா அம்மா கேட்க வருவது அந்தக் குரலைத்தானே!

அப்புறம், சினிமாப் பாட்டு பற்றிக் கேட்டீர்களே, அந்தச் சட்டம். ஆசிரியர்களும் மாணவர்களும் நடத்தி, பள்ளியைச் சேர்ந்தவர்களும் பெற்றோரும் மட்டும் பார்க்கிற நிகழ்ச்சிக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு தருகிறது. வெளியாருக்கு டிக்கெட் விற்றாலோ யூடியூபில் ஏற்றினாலோ அந்த விலக்கை நம்ப முடியாது. பாரதி பாடல்கள் பொதுச்சொத்து, பயமில்லாமல் பாடலாம். ஆனால் பிள்ளைகளே ஒரு பல்லவி கொடுத்துவிட்டால், முதலில் அதற்கு மெட்டுப் போடுங்கள்.