இலவச வக்கீல் நம் பக்கம் நிற்பாரா?

கேள்வி: கட்டட வேலைக்குப் போகும் என் அக்காள் மகன் திருட்டு வழக்கில் கைதாகி 40 நாள்களாகக் கிளைச் சிறையில் இருக்கிறான். வக்கீல் வைக்க வசதியில்லை. "அரசு தரும் வக்கீல் ஏனோதானோ என்றுதான் வாதாடுவார், கடன் வாங்கியாவது சொந்தமாக வையுங்கள்" என்கிறார்கள் உறவினர்கள். வழக்குப் போட்டதும் அரசு, வக்கீல் தருவதும் அரசு என்றால் எப்படி நம்புவது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் வழக்கை நடத்துவது காவல்துறையும் அரசு வழக்கறிஞரும். உங்களுக்கு வக்கீலை நியமிப்பதோ 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும், மாவட்ட நீதிபதியைத் தலைவராகக் கொண்ட மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. காவலில் இருப்பவர் எவராயினும், வருமானச் சான்று எதுவுமின்றியே அந்த உதவிக்கு உரியவர். அதை அவன் கேட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இலவச வக்கீல் பெறும் உரிமையைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எடுத்துச் சொல்லாமலே நடத்தி முடித்த விசாரணையின் தண்டனையை 1986-இலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.

தரத்தைப் பற்றி உறவினர்கள் சொல்வதை நான் முழுவதும் மறுக்கமாட்டேன். மத்தியப் பிரதேசத்தில் மரண தண்டனையில் முடிந்த ஒரு வழக்கில், வக்கீல் நியமிக்கப்பட்ட அதே நாளில் நீதிமன்றம் குற்றச்சாட்டையும் முறைப்படி பதிவு செய்துவிட்டது. வழக்கு ஆவணங்களைப் படிக்கவே அவருக்கு நேரம் தரப்படவில்லை என்று கூறி, 2019-இல் உச்ச நீதிமன்றம் அவ்விசாரணையை மீண்டும் முதலிலிருந்து நடத்த உத்தரவிட்டது. இத்தகைய குறையைக் களையும் நோக்கில்தான், தனியாகத் தொழில் செய்யாமல் இவ்வழக்குகளை மட்டுமே முழுநேரமாக நடத்தும் பாதுகாப்பு வழக்கறிஞர்களை அமர்த்தும் திட்டம் 2022-இல் வந்தது. ஆனால் கட்டணம் வாங்கும் வக்கீல்களிலும் வாய்தாவுக்கு வராதவர்கள் உண்டு என்பதை உறவினர்கள் ஏன் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

உங்களுக்கு இப்போது முக்கியம் தரம் அல்ல, நாள் கணக்கு. திருட்டு வழக்கில் பொதுவாக, நடுவர் (மாஜிஸ்திரேட்) ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லையென்றால், பிணையில் வெளிவருவது அவனுடைய உரிமையாகிவிடும். ஆயினும் அது தானாகக் கிடைக்காது, மனுச் செய்தால்தான் கிடைக்கும். மனுப் போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். கடனுக்கு அலையும் இருபது நாளில் இதுவே கைநழுவிப் போகலாம். சாதாரணப் பிணை மனுவை அதுவரை காத்திராமல் இன்றே போடலாம்.

ஆகவே குற்ற எண் (எஃப்.ஐ.ஆர். எண்), காவல் நிலையத்தின் பெயர், ரிமாண்ட் செய்த தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். போக இயலாவிட்டால் 15100 என்ற எண்ணில் அழையுங்கள். அவனும் சிறையிலிருந்தே மனு எழுதித் தரலாம். நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் பணம் கேட்டாலோ, விசாரணைக்கு வராமல் இருந்தாலோ, ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து வேறு வக்கீலைக் கேட்கலாம்.