ஒரு நாளில் எத்தனை இடம்?

கேள்வி: எங்கள் சபையிலிருந்து சிறுவர், முதியோர் உட்பட 28 பேர் மே மாதம் காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஊழியத்துக்கு வருகிறோம். நடுவில் ஒரு சனிக்கிழமை ஓய்வு. சித்தன்னவாசல், திருமயம், பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான், ஓரியூர் எல்லாவற்றையும் அன்றே பார்த்துவிட முடியுமா?

பதில்: முடியாது. பிள்ளையார்பட்டியையும் ஓரியூரையும் அடித்துவிடுங்கள். மற்ற மூன்றும் காரைக்குடி–புதுக்கோட்டை வழியை ஒட்டியவை. பலரும் திருமயம் பக்கம்தானே என்று முதலில் அங்கே இறங்கி, சித்தன்னவாசலுக்கு உச்சிவெயிலில் போய்ச் சேர்கிறார்கள். மே மாதப் பாறையில் 11 மணிக்கு மேல் வெறுங்காலை வைக்க முடியாது. அதனால் தலைகீழாகப் போங்கள்.

காலையில் நேரே சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கி.மீ. முதலில் ஏழடிப்பட்டம். பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளால் வந்த பெயர். குகைக்குள் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் பழந்தமிழ் எழுத்தான தமிழ்ப் பிராமியில் கல்வெட்டும் உண்டு. பாறைச் சரிவில் ஏறிக் கடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருக்கட்டும், அவர்களுக்குப் பாறையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயில் போதும். அங்கே விதானத்தில் தாமரைக்குள ஓவியம்: மீன், பறவை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். இடம் சிறியது, பத்துப் பத்துப் பேராகப் போங்கள். மூச்சின் ஈரமும் கைபட்ட எண்ணெயும் ஓவியத்தைத் தின்னும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கருவறையில் மெல்ல முனகினாலே ஒலி சூழ்ந்து அதிரும். பாடகர் குழுவுக்குச் சபலம் தட்டும்! காவலர் அனுமதித்தால் ஒருவர் முனகிப் பார்த்தால் போதும்.

மதியச் சாப்பாட்டைப் புதுக்கோட்டையில் முதல் நாளே சொல்லிவையுங்கள். சொல்லாமல் 28 பேர் நுழைந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். வெயில் தாழும்வரை திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகம். வெள்ளியும் இரண்டாம் சனியும் விடுமுறை என்பதால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு மணிக்குத் திருமயம். கோட்டை 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி காலத்தில் கட்டப்பட்டது. ஏழு சுற்று மதில்களில் நான்கே மிச்சம். உச்சியில் பீரங்கி, நல்ல காற்று. மாலையில் கதவடைக்கும் முன் இறங்கிவிட வேண்டும், ஆகவே ஏறுவதைத் தள்ளிப்போடாதீர்கள். அடிவாரத்துச் சிவன், பெருமாள் குடைவரைகள் வழிபாட்டிலுள்ள கோயில்கள். எதுவரை போகலாம் என்று வாசல் பலகை சொன்னால் அதோடு நில்லுங்கள். துண்டுப் பிரதிகள், சபைப் பெயர் போட்ட பதாகை எல்லாம் வேனிலேயே இருக்கட்டும். இது பார்வையிட வந்த நாள்.

திரும்பும் வழியில் கானாடுகாத்தான். உள்ளே பார்க்க நேரமிராது, ஆனால் தெருவில் நடந்தால் செட்டிநாட்டு வீடுகளின் முகப்பே போதும்.

28 பேருக்கு இரண்டு 14 இருக்கை வேன், மூன்று 20 லிட்டர் தண்ணீர் கேன் தேவை. சூடு தாங்க ஆளுக்கொரு ஜோடி தடித்த காலுறையும் எடுத்து வாருங்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் உதவும்.

கேள்வி: அப்படியானால் ஓரியூரை விட்டுவிடுவதா?

பதில்: வேறொரு அரை நாளில் போங்கள். இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4-இல் உயிர்நீத்த இடம். 1947-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். காரைக்குடியிலிருந்து திருவாடானைப் பக்கம் போக வேண்டும், அதாவது புதுக்கோட்டைக்கு நேர் எதிர்த்திசை. 1894-இல் எழுந்த இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்தையும் பார்க்க நினைத்தால் அதை ஓரியூரோடு கோக்காதீர்கள். அது மானாமதுரை அருகே இருக்கிறது. மதுரை வழியாக ஊர் திரும்புவதானால் அன்று பார்த்துக்கொள்வதே சுலபம்.